துரை என்று யார் சொன்னது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளைப் பேசக் கூப்பிட்டால் எப்போது நிறுத்துவாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பழைய பதிவேட்டை எப்படிப் புரட்டுவது, படச்சுருளை எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஈப்போவில் இருந்துகொண்டு, காலனிக் காலத்தில் பேராக்கு மாநிலத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்களையும் அயர்லாந்துக்காரர்களையும் தேடுவதுதான் நம் பிழைப்பு. நமக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். ‘என் கொள்ளுத் தாத்தா உங்கள் ஊரில் ரப்பர் தோட்டம் நடத்தினாராம், அவர் எங்கே புதைக்கப்பட்டார்?’ அனுப்பியவர் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்துக்காரராக இருப்பார், அல்லது அயர்லாந்தில் கார்க் பக்கத்துக்காரராக இருப்பார். அவருக்குப் பதில் எழுதும்போது தவறிப்போய்க்கூட ‘உங்கள் ஆங்கிலேய முன்னோர்’ என்று எழுதிவிடாதீர்கள். நான் ஒருமுறை எழுதி, திரும்பி வந்த பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நமக்கு அந்த வித்தியாசம் உறைப்பதில்லை. நம் ஆட்களுக்கு வெள்ளைத்தோல் என்றால் ஒரே பெயர்தான்: துரை. ஸ்காட்லாந்து துரை, அயர்லாந்து துரை, நல்ல துரை, கெட்ட துரை, எல்லாரும் துரை. என் வீடு அதற்கும் ஒரு படி மேலே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்த குடும்பம். வெள்ளைக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆள் தெரிவதற்கு முன்பே மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் தெரியும். இந்தப் பார்வையோடுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதைத் தட்டி எடுத்தது ஒரே ஒரு தேடல். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஒரு மழை நாளில் சுங்கை சிப்புட்டிலிருந்து மரியதாஸ் என்ற லாரி ஓட்டுநர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம். எங்கள் நாற்காலியில் உட்காரத் தயங்கினார். சட்டையில் எண்ணெய் இருக்கிறதாம், நாற்காலி அழுக்காகிவிடுமாம்.

“அக்கா, நீங்க வெள்ளக்காரங்களுக்குத்தான் தேடித் தருவீங்களா, நம்ம ஆளுங்களுக்கும் தேடுவீங்களா?” என்று கேட்டார்.

“நம்ம ஆளுக்கு யாரத் தேடணும்?”

“வெள்ளக்காரனத்தான்.”

விஷயம் இதுதான். அவருடைய அம்மா லூர்தம்மா, எண்பதை நெருங்குகிறவர். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறிக் கைமாறி, இப்போது அங்கே வீடுகள் கட்டப்போகிறார்கள். தோட்டத்துக்குள் இருந்த கிறிஸ்தவக் கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, டவுன் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்ய நாள் குறித்துவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதுக் கல் வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் கல்லில் என்ன பொறிப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லூர்தம்மா மட்டும் கொடுக்கவில்லை.

அங்கே கிடப்பது லூர்தம்மாவைப் பெற்றவள், ஆரோக்கியமேரி. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். மற்ற கற்களிலெல்லாம் ‘இன்னாரின் மனைவி’ என்று வரும். இவளுக்கு என்ன எழுதுவது? கணவன் என்று ஊர் ஒத்துக்கொள்ளாத ஒரு மனிதனோடு வாழ்ந்தவள் அவள். ‘பேட்ரிக் துரை’ என்பது மட்டும்தான் குடும்பத்துக்குத் தெரிந்த பெயர். ஜப்பான்காரன் வந்த சமயத்தில் தோட்டத்து துரைமார் எல்லாரும் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார்கள். பேட்ரிக் துரையும் அதோடு காணாமல் போனார். பெண்ணையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேச்சு. கோயிலில் வைத்துத்தான் தாலி கட்டினார் என்று ஆரோக்கியமேரி சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாளாம். துரை போய்த் தோட்டக்காரியைக் கோயிலில் வைத்துக் கட்டுவானா என்று ஊர் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

“அம்மா ஒரே புடியா நிக்குது அக்கா. எங்கப்பா ஓடுனாரா செத்தாரான்னு தெரியாம கல்லு வைக்க விடமாட்டேன்னுது. ஓடியிருந்தா பாட்டி பேரு மட்டும் போதும்கிறது. இல்லன்னா அவரு பேரும் வரணும்கிறது. நாள் நெருங்கிருச்சு. கல்லு வெட்டுற ஆளு தெனம் போன் அடிக்கிறான். சூசா லா, கஷ்டம்.”

எனக்கு அந்த அம்மாவின் பிடிவாதம் பிடித்துப்போயிற்று. வாழ்நாள் முழுக்க ‘துரை விட்டுட்டுப் போனது’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர், இனிமேலும் ஊகத்தில் வாழ முடியாது என்கிறார். ஒப்புக்கொண்டேன்.

அப்போது என்னோடு சிவநாதன் வேலை பார்த்தார். பதிவுகளைத் தேடுவதில் மனுஷன் புலி. தோட்ட நிர்வாகிகளின் பட்டியல்கள், கப்பல் பயணிகள் பட்டியல்கள் எல்லாவற்றையும் இரண்டு வாரம் உட்கார்ந்து அலசினார். ஒரு காலை என் மேசைக்கு வந்து, விரித்த தாள்களை வரிசையாக வைத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“ஆள் கிடைச்சிட்டாரு.”

கிடைத்துத்தான் இருந்தார். பேட்ரிக் என்று ஓர் அயர்லாந்துக்காரர், அதே தோட்டத்தில் துணை நிர்வாகி. வருஷங்கள் பொருந்தின. சண்டை நெருங்கியதும் ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். அங்கே கல்யாணம், மூன்று பிள்ளைகள், தொண்ணூறு வயதுவரை சுகமான வாழ்க்கை. பேரப்பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். லூர்தம்மா கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், ஓடிவிட்டார்.

அன்று மாலையே மரியதாஸ் போன் செய்தார். ஏதோ கிடைத்திருக்கிறது என்று சிவநாதன் ஏற்கெனவே அவரிடம் வாய் விட்டிருந்தார்.

“சொல்லிருங்க அக்கா. நல்லதோ கெட்டதோ, இன்னைக்கே சொல்லிருங்க. அம்மாகிட்ட நான் பாத்துக்கிறேன்.”

தம்பி தங்கைகளே, நம் தொழிலில் கஷ்டமான நேரம் ஒன்றும் கிடைக்காத நேரம் அல்ல. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி, எதிரே இருப்பவர் கையை நீட்டிக் கேட்கும் நேரம்தான் கஷ்டம். பெயர் சரி, தோட்டம் சரி, வருஷம் சரி. கல் வெட்டுகிறவன் காத்திருக்கிறான். சிவநாதன் என் முகத்தையே பார்க்கிறார். என் வாயில் ‘ஆமாம்’ என்ற சொல் வந்து நின்றது.

ஆனால் ஒன்று உறுத்தியது. நாங்கள் தேடிய பேட்ரிக்கை யார் துரை என்று சொன்னது? ஊர் சொன்னது. நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டு துரைமார் பட்டியலில் தேடினோம். துரைமார் பட்டியலில் தேடினால் துரைதானே கிடைப்பான். மாட்டுச் சந்தையில் போய்த் தேடிவிட்டு, கிடைத்தது மாடுதான் என்று பூரித்துப்போகிற கதை. லூர்தம்மாவிடம் நாங்கள் பெயர் கேட்டோம், தோட்டம் கேட்டோம், வருஷம் கேட்டோம். உங்கள் அப்பா எப்படி இருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இன்னைக்குச் சொல்ல மாட்டேன் தம்பி. நாளைக்கு நான் வீட்டுக்கு வாரேன், அம்மாகிட்டப் பேசணும்” என்றேன்.

மரியதாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னும் என்னக்கா பேசறதுக்கு இருக்கு? நீங்களும் இழுத்தடிக்கிறீங்களே” என்று போனை வைத்துவிட்டார். சிவநாதனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நியாயம்தான். இரண்டு வார உழைப்பு.

மறுநாள் சுங்கை சிப்புட் போனேன். தாழ்ந்த கூரை வைத்த மலிவு விலை வீடு. வாசலில் மரியதாஸின் லாரி நின்றது. லூர்தம்மா கூடத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். குச்சியான உடம்பு, வெளுத்த நிறம், எதிராளியை விடாமல் பார்க்கிற பார்வை. எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, “என்னா, ஓடிட்டாரா?” என்றுதான் முதல் கேள்வி கேட்டார்.

“அது இன்னும் தெரியலம்மா. நீங்க அவரப் பாத்த ஞாபகம் இருக்கா?”

“அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்னா ஞாபகம் இருக்கும்? கொஞ்சந்தான்.”

“அந்தக் கொஞ்சத்தச் சொல்லுங்க. அவரு வரும்போது எந்தக் கார்ல வருவாரு?”

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“காரு ஏது? சைக்கிள்ல வருவாரு. டேசன்லேருந்து மிதிச்சிக்கிட்டு வருவாரு. ஹேண்டில்ல ஒரு பை தொங்கும். உள்ள இரும்புச் சாமான் கலகலன்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டா நான் ஓடுவேன்.”

“தெனமும் வருவாரா?”

“தெனமும் எங்க வந்தாரு? வாரத்துக்கு ஒருக்கா.” அவர் தன் கையை விரித்து, விரல்நுனிகளைத் தடவிக்கொண்டே சொன்னார்: “இங்கல்லாம் கறுப்பா இருக்கும். நகத்துக்கு உள்ள. சோப்புப் போட்டாலும் போகாது. எங்கம்மா தேங்கா எண்ணெயத் தேச்சி, குச்சிய வச்சி நோண்டும். அவரு சிரிப்பாரு. எனக்கும் ஒரு வெரலக் கொடுப்பாரு, நோண்டச் சொல்லி.”

 துணை நிர்வாகி சைக்கிளில் வருவானா? கருவிப் பையைச் சுமப்பானா? துரையின் நகத்தில் கரி இருக்குமா? அயர்லாந்தில் ஏழை இல்லையா, ஸ்காட்லாந்தில் கொல்லன் இல்லையா? ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் கட்டிய ஈயம் தோண்டும் கப்பல்கள் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கக் குட்டைகளில் எல்லாம் மிதந்தன. அவற்றோடு இயந்திரம் பொருத்தும் ஆட்களும் வந்தார்கள். தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் நின்றுபோனால் அவர்களைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அந்த மாதிரி ஓர் ஆள் தோட்டத்துக்கு வந்திருக்கிறான், ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறான். தோல் வெள்ளை என்பதால் லயம் அவனை துரையாக்கிவிட்டது. நாங்கள் அவனைத் துரைமார் வரிசையில் தேடிக்கொண்டிருந்தோம்.

வாசலுக்கு வந்து மரியதாஸிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். துரை பேரன் என்று கேலி கேட்டாலும், அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது என்பதைக் கவனித்திருந்தேன்.

“தம்பி, உங்க தாத்தா துரையா இருக்க மாட்டாருன்னு நெனைக்கிறேன். மிசின் ரிப்பேர் பண்ற ஆளா இருந்திருக்கணும்.”

 மரியதாஸ் தன் கையைத் திருப்பி, கறுத்துக்கிடந்த நகங்களைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“அப்ப நம்ம ஆளு லா!”

உள்ளே திரும்பி, “அம்மா, ஒங்கப்பா துரை இல்லியாம். மெக்கானிக்காம்!” என்று கத்தினார். “அத நான் சொல்லலியே, ஊருதான சொல்லிச்சு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அன்று இரவே சிவநாதனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கோபக்காரர் என்றாலும் நேர்மையான மனிதர். தன் அழகான தாள்களை எடுத்து ஓர் உறையில் போட்டு மூடினார். “சரி, ஏழை வெள்ளைக்காரன் எங்கே போவான்?” என்று மட்டும் கேட்டார். அதுதான் சரியான கேள்வி. துரை கிளப்புக்குப் போவான். ஏழை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போவான். ஈயக் கப்பல்கள் மிதந்த பக்கம் பத்து காஜா என்ற ஊர். பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான். அயர்லாந்துக்காரன் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கன். கத்தோலிக்கன் செத்தால் சாமியார் எழுதி வைத்திருப்பார்.

அந்தப் பகுதிக் கத்தோலிக்க அடக்கப் பதிவுகளைப் பார்க்க அனுமதி கேட்டு வாங்கினோம். சண்டைக்கு முந்தைய நாட்களிலிருந்து தொடங்கினோம். ஜப்பான்காரன் ஈப்போவுக்குள் நுழைவதற்குச் சற்று முந்தைய பக்கங்களில் கையெழுத்து ஓட்டமும் கிறுக்கலுமாக இருந்தது. அந்தச் சாமியாருக்கு அன்றைக்கு எத்தனை அடக்கமோ, எத்தனை பயமோ. அங்கே, லத்தீனில், ஒரு பேட்ரிக் கீனன். அயர்லாந்தில் பிறந்தவர். இயந்திரம் பொருத்துபவர். கையில் பட்ட காயம் புரையோடி ஆஸ்பத்திரியில் இறந்தவர். வழக்கமாக அத்தோடு முடித்துவிடுவார்கள். இந்தச் சாமியார் முடிக்கவில்லை. குடும்பத்துக்குச் சேதி சொல்லச் சாலையில் வழி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு வரி எழுதியிருந்தார்: சுங்கை சிப்புட் தோட்டத்து ஆரோக்கியமேரியின் கணவர், லூர்து என்னும் பெண் குழந்தையின் தகப்பன்.

சிவநாதன் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்த வேலையில் அழக்கூடாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகம் தெரியாத அந்தச் சாமியாருக்கு இன்றும் நான் மனத்துக்குள் கும்பிடு போடுகிறேன், இத்தனைக்கும் நான் முருகன் கோயிலுக்குப் போகிறவள்.

ஓடவில்லை. துரைமார் கார்கள் தெற்கே போன அதே நாட்களில் இவர் பத்து காஜாவில் மண்ணுக்குள் போய்விட்டார். பாலங்களை உடைத்திருந்தார்கள், ரயில் இல்லை, சேதி சொல்ல ஆள் இல்லை. வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்தவர் வராமல் போனார். மற்ற துரைகள் ஓடினார்கள், அதனால் இவரும் ஓடினார் என்று ஊர் கணக்கை முடித்துவிட்டது.

லூர்தம்மாவைப் பத்து காஜா பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். பெயர்க் கல் எதுவும் இல்லை. பழைய வரைபடத்தை வைத்து இடத்தைக் காட்டினோம். சிமெண்டு விளிம்பு கட்டிய ஒரு புல் மேடு. அவர் மரியதாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, புல்லைக் கையால் தடவினார்.

“இம்புட்டுத் தூரந்தானா? காரெடுத்தா ஒரு மணி நேரம். இங்கயா இருந்தீங்க?” என்று அப்பாவிடமே கேட்டார்.  மரியதாஸ் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, காற்றில் அணையாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டே நின்றார். திரும்பி வரும் வழியிலேயே கல் வெட்டுகிறவனுக்குப் போன் போனது.

குறித்த நாளில் சுங்கை சிப்புட் டவுன் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பழைய தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சிலிம் ரிவருக்கும் கோலாலம்பூருக்கும் போய்க் குடியேறியவர்கள்கூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். எலும்புகளை வைத்த சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஃபாதர் செபம் சொன்னார். அவருக்கு உதவியாக வந்த உபதேசியார் ஒவ்வொரு கல்லாகப் போய் அதில் இருப்பதை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் பெட்டியைக் குழியில் இறக்குவார்கள், அடுத்த கல்லுக்குப் போவார்கள்.

லூர்தம்மாவின் முறை வந்தது. உபதேசியார் படித்தார்.

“ஆரோக்கியமேரி. பேட்ரிக் கீனனின் மனைவி.”

கூட்டத்தில் சலசலப்பு. பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெட்டியை இறக்க இரண்டு பேர் குனிந்தார்கள்.

“நில்லுங்க” என்றார் லூர்தம்மா. “இன்னொரு தரம் படிங்க.”

உபதேசியார் சங்கடப்பட்டார். “பெரியம்மா, இன்னும் நெறையப் பேரு வரிசைல இருக்காங்க...”

“இருக்கட்டும். இத்தன வருசம் நான் இருக்கலியா? படிங்க. சத்தமா லா. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

உபதேசியார் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தலையசைத்தார். மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி படித்தார்.

“ஆரோக்கியமேரி! பேட்ரிக் கீனனின் மனைவி!”

லூர்தம்மா கூட்டத்தை ஒருமுறை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு குழியருகே நின்றவர்களிடம் சொன்னார்:

“ஆங். இப்ப எறக்குங்க.”